ஐ.ஏ.எஸ். சீர்திருத்தம்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆட்சியியல் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பில் வரும் சந்தேகங்களே கல்யாண வீட்டிலும் வருகின்றன. 2024 ஆகஸ்டில் லேட்டரல் என்ட்ரி (வெளியாட்களை நேரடியாக மேல் பதவிக்கு எடுப்பது) விளம்பரம் வந்து மூன்றே நாளில் வாபஸ் ஆன பிறகு இன்னும் கூடிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

"அடிப்படைக் கொள்கை, அடிப்படைக் கொள்கை"ன்னு சொல்றீங்களே, அது எங்கயாவது எழுதி இருக்கா?

ஒரே இடத்தில் பட்டியலாக இல்லை. பெரும்பகுதி அரசியல் சட்டத்தின் 14-ஆம் பகுதியில், 308 முதல் 323 வரையிலான பிரிவுகளில் பரவிக் கிடக்கிறது. பொறுக்கி எடுத்தால் நான்கு தேறும். ஆள் எடுப்பது அமைச்சர் கையில் இல்லாமல் தனி ஆணையத்தின் கையில் இருக்க வேண்டும் (315 முதல் 323). விசாரணை இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது (311). நாட்டுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பணிகள் இருக்க வேண்டும் (312). நான்காவது, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதிகாரி ஒரே மாதிரி வேலை பார்ப்பது. இது நடத்தை விதிகளில் இருக்கிறது.

மற்றவை பழக்கம். பணி மூப்புப்படி பதவி உயர்வு, கால்நடைத் துறையிலிருந்து நிதித் துறைக்குத் தாவும் பொது நிர்வாகி, தனி பங்களா, காரின் மேல் சிவப்பு விளக்கு எல்லாமே பழக்கம்தான். விளக்கை 2017 மே மாதம் எடுத்தார்கள், நிர்வாகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சீர்திருத்தம் பற்றிய சண்டைகளில் பாதி, பழக்கத்தைக் கொள்கை என்று நினைப்பதால் வருகிறது. மீதிப் பாதி, கொள்கையைப் பழக்கம் என்று நினைத்துத் தூக்கி எறியப் பார்ப்பதால்.

இது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுதானே? அதுல காப்பாத்த என்ன இருக்கு?

வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதான். ஆனால் அவன் எதை ஒழித்துவிட்டு இதைக் கொண்டுவந்தான் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டுப் பையன்களைப் பரிந்துரைத்து அனுப்புவார்கள். தகுதி என்பது யார் மகன் என்பதுதான். 1854-ல் மெக்காலே குழு போட்டித் தேர்வு வேண்டும் என்றது. 1855-ல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. அதே 1854-ல்தான் பிரிட்டனின் சொந்த நிர்வாகத்துக்காக நார்த்கோட்டும் டிரெவெல்யனும் இதே யோசனையை அறிக்கையாகக் கொடுத்தார்கள். அந்த டிரெவெல்யன் 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். அன்றைய தலைநகரான கல்கத்தா அரசின் வரித் திட்டம் சரியில்லை என்று தன் எதிர்ப்பைப் பகிரங்கப்படுத்தினார் என்பதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டார்.

இந்தியர்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. சத்யேந்திரநாத் தாகூர் 1863-ல் தேறினார். இந்திய மண்ணிலும் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணம் மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு 1929-லேயே தனக்கென்று ஒரு தேர்வாணையம் அமைத்தது, மாகாணங்களில் அதுதான் முதல். இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் வேர் அதுவே.

விடுதலை வந்தபோது ஐ.ஏ.எஸ்.ஸின் முன்னோடியான ஐ.சி.எஸ். மீது காங்கிரஸாருக்கு இருந்த கோபம் நியாயமானது. தங்களைச் சிறையில் போட்ட அதிகாரிகளை வைத்தே ஆள்வதா என்று கேட்டார்கள். படேல் 1949 அக்டோபர் 10-ல் அரசியல் நிர்ணய சபையில் பதில் சொன்னார்: தன் மனதில் பட்டதைத் துணிந்து சொல்லும் சுதந்திரம் உள்ள அகில இந்தியப் பணி இல்லாவிட்டால் ஒன்றுபட்ட இந்தியா இருக்காது என்பது அதன் சாரம். அந்தப் பேச்சில் "விசுவாசம்" பெரிதாக வரவில்லை, மாற்றுக் கருத்துச் சொல்லும் சுதந்திரம்தான் வருகிறது. எனக்கு அளவுகோல் அதுதான். ஒரு சீர்திருத்தம் வந்த பிறகு, இளம் அதிகாரி ஒருவர் கோப்பில் "இது விதிப்படி கூடாது" என்று எழுதுவது முன்பைவிடச் சுலபமாகிறதா, கஷ்டமாகிறதா?

கலெக்டருக்கு முதலாளி மத்திய அரசா, மாநில அரசா?

இரண்டும். தேர்ந்தெடுப்பது யு.பி.எஸ்.சி. நியமிப்பது குடியரசுத் தலைவர் பெயரில் மத்திய அரசு. ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட பிறகு எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று சொல்வது மாநில அரசு, சம்பளமும் அங்கிருந்துதான். மாநில அரசு சஸ்பெண்ட் செய்யலாம். டிஸ்மிஸ் செய்ய முடியாது, அது மத்திய அரசிடம் இருக்கிறது.

இந்த இரட்டைக் கயிறு வேண்டுமென்றே போடப்பட்டது. ஒரே ஆள் கையில் முழுக் கடிவாளமும் இருக்கக் கூடாது என்ற கணக்கு. புதிதாக ஒரு அகில இந்தியப் பணி உருவாக்க வேண்டுமானால், மாநிலங்களவையில் வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்று 312 சொல்வதும் இதனால்தான். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தவிர இப்போது இருப்பது 1966-ல் வந்த வனப் பணி மட்டும்.

கவர்ன்மெண்ட் வேலைன்னா யாரும் டிஸ்மிஸ் பண்ணவே முடியாதாமே, 311 இருக்காம்?

முடியும். 311 கேட்பது இரண்டுதான். நியமித்தவரைவிடக் கீழ்நிலையில் உள்ளவர் நீக்கக் கூடாது. குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து விசாரித்த பிறகே நீக்க வேண்டும். 1976-ல் 42-வது திருத்தம் இதைக் கொஞ்சம் சுருக்கியது. அதற்கு முன் விசாரணை முடிந்து தண்டனை முடிவாகும் கட்டத்திலும் இன்னொரு முறை விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. அது போய்விட்டது.

விசாரணையே வேண்டாத மூன்று சூழ்நிலைகளையும் 311(2) சொல்கிறது: கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியம் இல்லை என்று காரணம் எழுதப்பட்ட நிலை, நாட்டின் பாதுகாப்புக்காக வேண்டாம் என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதும் நிலை. 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்குகள் செல்லும் என்றது. ஆக, சட்டம் கை கட்டிவிட்டது என்பது பெரும்பாலும் சாக்கு. விசாரணை அதிகாரி நியமிப்பதில் தாமதம், ஆவணம் தருவதில் தாமதம், விசாரிப்பவரே பாதியில் மாறிப்போவது என்று இழுப்பது நிர்வாகம்தான்.

அப்படின்னா 2003-ல தமிழ்நாட்டுல ஒன்றரை லட்சம் பேருக்கு மேல எப்படி ஒரேயடியா நீக்கினாங்க? அப்ப 311 எங்க போச்சு?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாநில அரசு அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தையும், அதைத் திருத்திய அவசரச் சட்டத்தையும் வைத்து சுமார் 1,70,000 பேரை விசாரணை இல்லாமல் நீக்கியது.

டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 6-ல் தீர்ப்புச் சொன்னது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ இல்லை என்றது. நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். விசாரணை இல்லாமல் இவ்வளவு பேரை நீக்கலாமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் நேரடியான பதில் கிடையாது. என் கருத்து: அப்போது காப்பாற்றப்பட்டவர்களைக் காப்பாற்றியது அரசின் சமரசம், சட்டம் இல்லை. நெருக்கடி நேரத்தில் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தியாவில் எனக்குத் தெரியாது.

பேசாம 311-ஐயே எடுத்துட்டா என்ன? ஊழல் குறையும்ல?

இதை லேசான யோசனை என்று ஒதுக்க முடியாது. வீரப்ப மொய்லி தலைமையில் 2005-ல் அமைந்த இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமே, நேர்மை பற்றிய தன் நான்காவது அறிக்கையில் 310 (அரசு விரும்பும் வரைதான் வேலை என்பது), 311 இரண்டையும் நீக்கிவிட்டு, பணி நிபந்தனைகளுக்குச் சட்டம் போட இடம் தரும் 309-ன் கீழ் தனிச் சட்டம் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. இயற்கை நீதிக்கு நீதிமன்றங்களே போதுமான பாதுகாப்புத் தருகின்றன என்பது அவர்கள் வாதம்.

எனக்கு உடன்பாடு இல்லை. சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மை திருத்திவிடும், அவசரச் சட்டமும் திருத்திவிடும். 2003 பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குக் காலவரம்பு போடலாம், வரம்பைத் தாண்டிய விசாரணை அதிகாரியைக் கேள்வி கேட்கலாம். இதற்கு அரசியல் சட்டத்தைத் தொட வேண்டிய தேவை இல்லை.

நேர்மையா இருந்தா தூக்கி அடிக்கிறாங்களே. அதுக்கு 311 உதவாதா?

உதவாது. இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான் என்பேன்.

311 காப்பாற்றுவது வேலையை. நாற்காலியைக் காப்பாற்ற அரசியல் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. டிரான்ஸ்ஃபர் தண்டனை ஆகாது, அது பணி நிபந்தனை. அதனால் விசாரணை வேண்டாம், காரணம் வேண்டாம், மாலையில் உத்தரவு போட்டுக் காலையில் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லலாம். ஹரியானாவின் அசோக் கேம்கா தன் பணிக்காலத்தில் 50 முறைக்கும் மேல் மாற்றப்பட்டார். ஒரு முறை கூட யாரும் அவரை டிஸ்மிஸ் செய்யவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம், வயதான அப்பா அம்மா, வேறு ஊரில் வேலை பார்க்கும் மனைவி என்று குடும்பத்தோடு இருப்பவரை வளைக்க டிஸ்மிஸ் என்ற மிரட்டலே வேண்டாம்.

இதற்காக முன்னாள் கேபினட் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உட்பட ஓய்வுபெற்ற அதிகாரிகள் 83 பேர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2013 அக்டோபர் 31-ல் தீர்ப்பு வந்தது. பணியிட மாற்றங்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணி வாரியம் அமைக்க வேண்டும், ஒரு பதவியில் குறைந்தபட்சக் காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2014 ஜனவரியில் ஐ.ஏ.எஸ். கேடர் (மாநில ஒதுக்கீட்டு அணி) விதிகள் திருத்தப்பட்டு, இரண்டு ஆண்டு குறைந்தபட்சக் காலம் வந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அதே விதியில், வாரியத்தின் பரிந்துரையை அரசு காரணம் எழுதி மீறலாம் என்றும் இருக்கிறது. வாரியத்தின் தலைவர் தலைமைச் செயலாளர், அவரையே முதலமைச்சர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். காவல்துறைக்கு 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் வந்த உத்தரவுகளின் கதியும் இதுதான். மாநிலங்கள் வாரியம் அமைத்தன, சட்டம் போட்டன, பிடியை விடவில்லை. உள்ளே வருவது எப்படி, வெளியே அனுப்புவது எப்படி என்றே நாம் விவாதிக்கிறோம். நடுவில் இருக்கும் முப்பது முப்பத்தைந்து வருடம்தான் அதிகாரியை உருவாக்குகிறது அல்லது உடைக்கிறது.

மந்திரி போன்ல சொன்னா செய்யணுமா, வேண்டாமா?

விதி மிகத் தெளிவாக இருக்கிறது. அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள் 1968-ன்படி மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தால் சொன்னவர் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், கேட்டவர் அந்த உறுதியைக் கேட்டு வாங்க வேண்டும். 2013 தீர்ப்பு இதையே இன்னும் அழுத்திச் சொன்னது.

நடைமுறையில் என்ன ஆகும்? கேட்டு வாங்கும் அதிகாரிக்கு அடுத்த வாரம் டிரான்ஸ்ஃபர் வரும். முந்தைய பதிலுக்குத் திரும்பப் போகிறோம். நெருக்கடி நிலைக் காலத்தை விசாரித்த ஷா கமிஷன் தன் 1978 அறிக்கைகளில் அதிகாரிகளைக் கடுமையாக விமர்சித்ததும் இந்த இடத்தில்தான். எழுத்தில் எதுவும் இல்லாமலேயே பலர் கைது உத்தரவுகளுக்கும் இடிப்புகளுக்கும் துணை போயிருந்தார்கள்.

மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் சொல்றதை, ஓட்டே வாங்காத ஒருத்தர் மறுக்கலாமா? அது ஜனநாயகமா?

நல்ல கேள்வி, நேரான பதிலும் உண்டு. கொள்கை முடிவு அமைச்சருடையது. அதிகாரிக்கு இருப்பது முடிவுக்கு முன் தன் கருத்தை எழுதும் உரிமை, முடிவுக்குப் பின் அதை முழு மனதோடு நிறைவேற்றும் கடமை. இலவச பஸ் வேண்டுமா வேண்டாமா என்பது அரசியல். அந்த பஸ் டெண்டரை யாருக்குக் கொடுப்பது என்பது விதி. முதலாவதில் அதிகாரி எதிர்க் கருத்தை எழுதிவிட்டு நிறைவேற்றுவார். இரண்டாவதில் சட்டத்துக்குப் புறம்பானதைச் செய்யச் சொன்னால் மறுப்பார்.

1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் அரசின் லட்சியங்களுக்கு "அர்ப்பணிப்புள்ள" அதிகாரிகள் வேண்டும் என்று டெல்லியில் ஒரு பேச்சு எழுந்தது. வறுமையை ஒழிக்க ஆர்வமுள்ள அதிகாரி வேண்டும் என்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் லட்சியத்துக்கான அர்ப்பணிப்பு எந்த நாளில் தலைவருக்கான அர்ப்பணிப்பாக மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது அது மாறியிருந்தது. இன்று வேறு கட்சி, வேறு லட்சியம். சொல்லும் முறை மட்டும் பழையது.

லேட்டரல் என்ட்ரி வந்துட்டா யு.பி.எஸ்.சி. எதுக்கு? பல வருஷமா படிக்கிற நாங்க முட்டாள்களா?

கோபம் புரிகிறது. கணக்கைப் பாருங்கள். ஐ.ஏ.எஸ். பணியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எண்ணிக்கையே சுமார் 6,800. அதிலும் மூன்றில் ஒரு பங்கு மாநிலப் பணியிலிருந்து பதவி உயர்வில் வருபவர்களுக்கு. லேட்டரலில் 2018-ல் கேட்டது 10 இணைச் செயலாளர் பதவிக்கு, தேர்வானது 9 பேர். 2024 ஆகஸ்ட் 17 விளம்பரம் 45 பதவிகளுக்கு. உங்கள் இடத்தை யாரும் பறிக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் தேர்வாகி இணைச் செயலாளர் நிலைக்கு வர 16, 17 வருடம் ஆகும்.

கொள்கை அளவில் பிரச்சினை வேறு. முதலாவது, தேர்வு முறை. எழுத்துத் தேர்வு இல்லை, விண்ணப்பமும் நேர்காணலும்தான். அதை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது என்பது நல்ல விஷயம், அதை மட்டும் விட்டுவிடவே கூடாது. இரண்டாவது, ஒப்பந்த காலம். மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து. நீட்டிப்பு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் "கூடாது" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? முடிந்து திரும்பப் போகும் கம்பெனிக்கே சாதகமான கோப்பு மேசைக்கு வந்தால் என்ன செய்வார்?

மூன்றாவது, இட ஒதுக்கீடு. ஒவ்வொன்றும் தனித்தனி ஒற்றைப் பதவி, ஒற்றைப் பதவிக்கு ஒதுக்கீடு பொருந்தாது என்று அரசு சொல்லிவந்தது. ஒரே விளம்பரத்தில் 45 பதவியைப் போட்டுவிட்டு அப்படிச் சொல்வது எடுபடவில்லை. ஆகஸ்ட் 20-ல் அமைச்சர் ஜிதேந்திர சிங் சமூக நீதியைக் காரணம் காட்டி யு.பி.எஸ்.சி.க்குக் கடிதம் எழுத, விளம்பரம் ரத்தானது. நிபுணர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல்சார் சட்டமும் சைபர் பாதுகாப்பும் தெரிந்தவர்கள் வேண்டும். இந்த மூன்று ஓட்டையையும் அடைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

மன்மோகன் சிங்கே லேட்டரல்லதான வந்தாரு? அப்ப யாரும் கேக்கலையே?

உண்மைதான். 1971-ல் வெளிநாட்டு வர்த்தக அமைச்சகத்துக்குப் பொருளாதார ஆலோசகராக வந்தார். மாண்டேக் சிங் அலுவாலியா, விஜய் கேல்கர், பிமல் ஜலான் போன்றவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களே. 1950-களின் கடைசியில் பொதுத்துறை நிறுவனங்களுக்காகத் தொழில் மேலாண்மைக் குழாம் என்ற ஒன்றை உருவாக்கி வெளியாட்களை எடுத்தார்கள், அது ஒரே சுற்றோடு நின்றது.

ஆனால் இவர்களில் பலரும் ஆலோசனை தரும் பதவிகளில் நுழைந்து, அரசுக்குள்ளேயே பல வருடம் இருந்து மேலே போனவர்கள். மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்து கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் இல்லை. ஒப்பிடுவதென்றால் அந்த வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள்.

தகுதிதான் அடிப்படைன்னா இட ஒதுக்கீடு அதுக்கு எதிரானதுதானே?

இல்லை. 16-வது பிரிவு சம வாய்ப்பையும் ஒதுக்கீட்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. 335 பட்டியல் சாதி, பழங்குடியினரின் கோரிக்கைகளையும் நிர்வாகத் திறனையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. 2019-ல் பி.கே. பவித்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், நிர்வாகத் திறன் என்றால் சமூகத்தின் எல்லாப் பிரிவினரும் உள்ளே இருப்பதும் அடக்கம் என்றது. மெக்காலேயின் முதல் தேர்வு கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் மார்க்கை அள்ளிக் கொடுத்தது. அதையும் அன்றைக்குத் தகுதி என்றுதான் சொன்னார்கள்.

பரீட்சையை மாத்திக்கிட்டே இருக்காங்களே, அது கொள்கையை மாத்துறதா?

பாடத்திட்டம் பழக்கம் என்ற கணக்கில் வரும், மாற்றலாம். கோத்தாரி குழு சொன்னபடி 1979 முதல் முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டமானது, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பதில் எழுதலாம் என்பதும் வந்தது. தமிழில் எழுதி ஐ.ஏ.எஸ். ஆனவர்கள் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள். என்னைக் கேட்டால் 1950-க்குப் பிறகு நடந்த ஆகப் பெரிய சீர்திருத்தம் இதுதான். யாருடைய பாதுகாப்பையும் குறைக்காமல் உள்ளே வருபவர்களின் முகத்தையே மாற்றியது.

அது பாதியில் நிற்கிறது. பதிலைத் தமிழில் எழுதலாம், கேள்வித்தாள் இன்னும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். 2011-ல் முதல்நிலைத் தேர்வில் கொண்டுவந்த சிசாட் என்ற திறனறித் தாள் ஆங்கில வழி, பொறியியல் பிள்ளைகளுக்குச் சாதகம் என்று 2014-ல் போராட்டம் நடந்தது. 2015-லிருந்து அதில் 33 சதவீதம் தேறினால் போதும் என்றாக்கினார்கள்.

வேலையே செய்யாத அதிகாரியை வீட்டுக்கு அனுப்ப வழி இருக்கா, இல்லையா?

இருக்கிறது. 1958-ன் ஓய்வுப் பலன் விதிகளில் 16(3) என்று ஒன்று. 15 ஆண்டு, 25 ஆண்டு சேவை முடிந்ததும், அல்லது 50 வயதானதும் ஒருவரின் பதிவேட்டைப் பரிசீலித்து, பொதுநலன் கருதி மூன்று மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் கொடுத்து ஓய்வில் அனுப்பலாம். ஓய்வூதியம் உண்டு. இது தண்டனை ஆகாது, அதனால் 311 குறுக்கே வராது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. மொய்லி ஆணையம் 14-ஆம் ஆண்டிலும் 20-ஆம் ஆண்டிலும் கடுமையான மதிப்பாய்வு வேண்டும், இரண்டாவதில் தேறாதவர் போக வேண்டும் என்றது.

எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. எதை வைத்துத் தேறவில்லை என்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வருடாந்திர அறிக்கையில் எல்லோரும் பத்துக்கு ஒன்பது வாங்குகிறார்கள் என்பதால், சில ஆண்டுகளாக மத்தியில் உயர் பதவித் தேர்வுக்கு 360 டிகிரி மதிப்பீடு என்று வைத்திருக்கிறார்கள். உடன் வேலை பார்த்தவர்கள், கீழே இருந்தவர்களிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்பார்கள். கேட்டது என்ன, சொன்னது யார் என்று அதிகாரிக்குத் தெரியாது. 2008-ல் தேவ் தத் வழக்கில் ரகசியக் குறிப்பின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்த நாட்டில், பதிலே சொல்ல முடியாத ஒரு மதிப்பீட்டைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மிஷன் கர்மயோகி பத்தி என்ன நினைக்கிறீங்க?

2020 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்த பயிற்சித் திட்டம். ஆன்லைனில் பாடம், யாருக்கு என்ன திறமை குறைவு என்ற கணக்கு. எந்தக் கொள்கையையும் தொடவில்லை. செய்யட்டும்.

அதிகாரியை டெல்லிக்குக் கூப்பிட மாநிலத்தைக் கேட்க வேண்டாம்னு 2022-ல சட்டம் கொண்டு வந்தாங்களே?

சட்டம் இல்லை, கேடர் விதிகளுக்கு ஒரு வரைவுத் திருத்தம். மத்தியப் பணிக்கு ஆள் போதவில்லை என்பது உண்மையான பிரச்சினை. மாநிலங்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கு ஆட்களை அனுப்புவதில்லை. ஆனால் மாநிலம் சம்மதிக்காவிட்டாலும் அதிகாரியைக் குறித்த நாளில் விடுவித்ததாகவே கருதலாம் என்ற அளவுக்கு வரைவு போனது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன.

கலெக்டரின் முதலாளி பற்றிச் சொன்னபோது இரட்டைக் கயிறு என்றேன் அல்லவா? ஒரு கயிற்றை அறுப்பது அது. மாநிலத்தில் சங்கடமான விசாரணை நடத்தும் அதிகாரியை டெல்லிக்கு இழுத்துவிடலாம் என்று ஆகிவிட்டால், டிரான்ஸ்ஃபர் என்ற ஆயுதம் இன்னொரு கைக்கும் போகிறது.

ரிட்டயர் ஆன மறுநாளே கட்சியில சேர்ந்து சீட்டு வாங்குறாங்களே, அது சரியா?

தனியார் கம்பெனியில் சேர வேண்டுமானால் ஓராண்டு பொறுக்க வேண்டும், அல்லது அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். முன்பு இரண்டு ஆண்டாக இருந்தது. அரசியலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தேர்தல் போட்டியிடுவது குடிமக்களின் உரிமை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கடைசி இரண்டு வருடத்தில் அவர் போட்ட உத்தரவுகளை மக்கள் எப்படிப் படிப்பார்கள்? கம்பெனிக்கு இருக்கும் அதே ஓராண்டைக் கட்சிக்கும் வைத்தால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

மத்த நாட்டுல இதையெல்லாம் சட்டமாவே எழுதி வச்சிருக்காங்களாமே?

பிரிட்டனில் 1854 அறிக்கையே சட்டம் போடுங்கள் என்றுதான் சொன்னது. போட 156 வருடம் ஆனது. 2010-ல் வந்த சட்டம் நேர்மை, வாய்மை, புறநிலை நோக்கு, நடுநிலை என்ற நான்கையும் சட்டத்தில் ஏற்றி, தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கும் சட்ட அந்தஸ்து கொடுத்தது. நம் நாட்டிலும் 2007-ல் பொதுப் பணிகள் மசோதா என்று ஒரு வரைவு தயாரானது, நிறைவேறவில்லை. 2014-ல் அரசியல் நடுநிலை, தகுதி, பாரபட்சமின்மை போன்றவற்றை நடத்தை விதியில் சேர்த்தார்கள். நடத்தை விதி அதிகாரியைக் கட்டுப்படுத்தும். அமைச்சரைக் கட்டுப்படுத்தாது. சட்டம் வேண்டும் என்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

அதிகாரி "கூடாது"ன்னு எழுதினது நமக்கு எப்படித் தெரியும்? ஆர்.டி.ஐ.-ல கிடைக்குமா?

கிடைக்கும். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) வந்த புதிதில் கோப்புக் குறிப்புகள் தகவல் ஆகாது என்று அரசு சொன்னது. மத்தியத் தகவல் ஆணையம் ஏற்கவில்லை. 2006-ல் சட்டத்தைத் திருத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். அமைச்சரவைக் கோப்புகள் மட்டும் முடிவெடுத்து விஷயம் முடியும் வரை கிடைக்காது. இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு: குறிப்பு வெளியே போகும் என்று தெரிந்த பிறகு சிலர் எழுதுவதையே குறைத்துக்கொண்டார்கள். மேலே இருப்பவர் கோப்பில் "பேசவும்" என்று மட்டும் எழுதுவார். பேசி முடித்துக் கோப்பு திரும்பி வரும்போது கீழே இருப்பவரின் கருத்து மாறியிருக்கும், நடுவில் என்ன பேசினார்கள் என்பதற்குத் தாளில் சாட்சி இருக்காது.

விண்ணப்பம் போடும்போது "கோப்பின் நகல்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கடிதங்கள் இருக்கும் நடப்புக் கோப்பைத் தருவார்கள். குறிப்புக் கோப்பின் எல்லாப் பக்கங்களும் வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். முதல் குறிப்புக்கும் கடைசிக் குறிப்புக்கும் நடுவில் "பேசவும்" இருக்கிறதா என்று பாருங்கள்.